ஐந்து நாள் கடல், இரண்டரை நாள் ஊர்

1

ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு வருஷம் நிறைந்த அன்று என் கணவர் ஒரு கேக் வாங்கி வந்தார். எதைக் கொண்டாடுகிறோம் என்று கேட்டேன். அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வெட்டிச் சாப்பிட்டோம். மகள் கயல் தன் துண்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மிச்சக் கேக்கைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "சுமதி, இந்தத் தடவை ஊருக்குப் போறப்ப மொதல்ல அஞ்சு நாள் கேரளாப் பக்கம் கடலோரமாத் தங்கிட்டு, அப்புறம் போலாமா?"

யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் போல உடனே சரி என்றேன்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் திருப்பூரை ஒட்டிய நல்லூர். அவருக்குப் பல்லடம். பனியன் துணி பின்னும் மெஷின் செய்கிற கம்பெனியில் அவர் என்ஜினியர். மெஷினோடு திருப்பூருக்கு வந்து இறங்கிய வெள்ளைக்காரர்களின் பின்னால் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தவரை அவர்களுக்குப் பிடித்துப்போய், தங்கள் ஊருக்கே அழைத்துக்கொண்டார்கள். கயலுக்கு அப்போது இரண்டு வயது. நான் இங்கே ஒரு டிராவல்ஸில் வேலை பார்க்கிறேன். குளிரில் விறைத்தவர்களை வெயிலுக்கு அனுப்பி வைப்பது என் பிழைப்பு.

அந்தப் பிழைப்பின் மேல் எனக்கு மரியாதை கிடையாது. என் மேசைக்கு எதிரில் வந்து உட்காருகிறவர்களுக்கு உண்மையான இந்தியா வேண்டும். ஆனால் அது விடுதியின் மதில் சுவருக்குள்ளேயே இருக்க வேண்டும். மணலில் மாடு நடக்குமா என்பார்கள். சாப்பாட்டில் மிளகாய் தெரியுமா என்பார்கள். பிச்சைக்காரர்கள் வருவார்களா என்று நேரடியாகக் கேட்கக் கூச்சப்பட்டு, "அமைதியான இடம்தானே?" என்று மூன்று தடவை கேட்பார்கள். நானும் தென்னை மரப் படத்தைத் திருப்பிக் காட்டி, அமைதியான இடம்தான் என்று மூன்று தடவை சொல்வேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முதிய தம்பதியிடம் அங்கே காற்று புழுக்கமாக இருக்கும் என்று சொல்லப் போனேன். ஜெர்மனில் அந்தச் சொல்லின் உயிரெழுத்தைக் கொஞ்சம் தளர்த்திச் சொன்னால், ஆணை விரும்பும் ஆண் என்று பொருளாகிவிடும். ஜூன் மாதம் அந்தக் கடற்கரை முழுக்க அப்படித்தான் இருக்கும் என்று உறுதியாகச் சொன்னேன். அந்த அம்மாள் மெதுவாக, வேறு மாதம் இருக்கிறதா என்று கேட்டார். இன்றுவரை அலுவலகத்தில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொள்வேன். பன்னிரண்டு வருஷத்தில் நான் இங்கே நன்றாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

2

அக்டோபரில் கயலுக்குப் பள்ளி விடுமுறை. அவருக்குக் கிடைத்தது பத்து நாள். விமானம் தின்றது போக மிஞ்சியதை மேசையில் விரித்து வைத்துப் பங்கு பிரித்தேன். கடலுக்கு ஐந்து நாள். நல்லூருக்கு இரண்டரை நாள்.

இந்தக் கணக்குக்கு நான் சொன்ன காரணம் கயல். அவளால் அந்த வீட்டில் இருக்க முடியாது என்றேன். அந்த வீடு எப்படிப்பட்டது என்றால், கீழ்த்தளத்தில் என் தம்பி செந்திலின் தையல் யூனிட். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கிற துணியைத் தைத்துக் கொடுப்பான். மேலே அவனும், மனைவி கோமதியும், மகள் திவ்யாவும், எங்கள் அப்பாவும். காலையில் மெஷின்கள் ஓடத் தொடங்கினால் மாடித் தரை அதிரும். பஞ்சுத் தூசி படியேறி வந்து சோற்றுத் தட்டில் உட்காரும். காற்று தெற்கே இருந்து அடித்தால் வீரபாண்டிப் பக்கத்துச் சாயப்பட்டறை வாடை ஜன்னல் வழியாக வந்து மின்விசிறிக்கடியில் சுற்றும். நாலு வருஷத்துக்கு முன் போனபோது ஆறு ஊதா நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தில் நின்று நான் மூக்கைப் பொத்தியபோது செந்தில், "இன்னிக்குப் பரவால்லீங்க்கா" என்றான்.

அங்கே பேச்சென்றால் ஆர்டர், ஷிப்மென்ட், டாலர் ரேட். நம்மை என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் கைபேசி அடிக்கும். வசதி வந்த சொந்தக்காரர் ஒருவர், வாசலில் நிற்கும் காரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, ஜெர்மனியில் தயிர் கிடைக்குமா என்று கேட்டார்.

இதையெல்லாம் வெறுக்கிறேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் கயலால் முடியாது என்று சொன்னேன்.

செந்திலிடம் என்ன சொல்வது என்று யோசித்து ஒரு பொய்யைத் தயாரித்தேன். ஐந்து நாள் கழித்துத்தான் விமானம் வந்து இறங்குகிறது, லீவு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் போட்டுச் சொன்னேன். அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "செரீங்க்கா. எப்ப முடியுதோ வாங்க. ஊடு எங்கீங்க போகப்போகுது" என்றான். எவ்வளவு சுலபமாக நம்புகிறான், இவர்களுக்கு உலகம் தெரியாது என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

3

அவரும் கயலும் இரண்டு வருஷத்துக்கு முன்பே இந்த நாட்டுக் குடிமக்கள் ஆகிவிட்டார்கள். நான் இன்னும் பழைய பாஸ்போர்ட்டையே வைத்திருக்கிறேன். தேசப்பற்று என்று இங்குள்ள தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒருவர் பாராட்டினார். விண்ணப்பம் நிரப்பச் சோம்பல் என்பதுதான் உண்மை. ஆக, ஒரே வீட்டில் இருந்து ஊருக்குப் போக எனக்கு விசா வேண்டாம், அவர்கள் இருவருக்கும் வேண்டும்.

கயலையும் அழைத்துக்கொண்டு இந்தியத் தூதரகத்தில் விசா வரிசையில் நின்றேன். போட்டோவில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். காதைக் காட்டி எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் படிவத்தை மேலிருந்து கீழே படித்தார். பயண நோக்கம் என்ற இடத்தில் ஒன்றைத்தான் குறிக்கலாம். நான் சுற்றுலாவைக் குறித்திருந்தேன்.

பிறந்த ஊர் திருப்பூர், போவது சுற்றுலாவுக்கு, அப்படித்தானே என்று அவர் இங்கிலீஷில் கேட்டார். ஆமாம் என்றேன். அங்கே உறவினர் யாரும் இல்லையா என்றார். இருக்கிறார்கள் என்றேன். அப்படியானால் ஏன் அதைக் குறிக்கவில்லை என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முத்திரையைக் குத்தினார். என் வாழ்க்கையில் என்னிடம் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி, மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்த ஒருவரிடமிருந்து வந்தது.

கயல் என்னைப் பார்த்தாள்.  ரயிலில் திரும்பும்போது காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். சில வருஷங்களாக எங்கள் பேச்சு அப்படித்தான். அன்று அதுவும் இல்லை.

4

கிளம்ப மூன்று வாரம் இருந்தது. பெட்டிகளை இறக்கித் துடைத்துக்கொண்டே கயலிடம், திவ்யா கேட்டால் நாம் நல்லூருக்குப் போகிற வெள்ளிக்கிழமைதான் விமானத்தில் இறங்குகிறோம் என்று சொல்ல வேண்டும் என்றேன்.

"அவளுக்குத் தெரியும்" என்றாள் ஜெர்மனில். "நீங்கள் முடிவு செய்த அன்றே எழுதிவிட்டேன்."

இவர்கள் இருவரும் ஒரு வருஷமாகக் கணினியில் எழுதிக்கொள்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இவள் அரைகுறைத் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவாள், அவள் அரைகுறை இங்கிலீஷில் பதில் போடுவாள். விடுதி எது, எத்தனை நாள், மாமாவிடம் அம்மா என்ன சொல்லப் போகிறாள், எல்லாமே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்தபோது செந்திலுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் சரி என்றிருக்கிறான்.

முகம் சூடானது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். கயல் திரையைத் திருப்பிக் காட்டினாள். இதை மட்டும் திவ்யா தமிழிலேயே எழுதியிருந்தாள்: அப்பா ஒண்ணும் சொல்லலை. அம்மாதான், ரெண்டரை நாள்தானே, சமாளிச்சரலாம்னு சொன்னாங்க.

அந்தச் சொல்லை நான் இரண்டு தடவை படித்தேன். நான் அவர்களைத் தாங்கிக்கொள்வது என்பது ஒரு விஷயம். என்னை அவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள் என்பது என் தலையில் எந்த மூலையிலும் இருந்ததில்லை.

5

மறுநாள் காலை வேலைக்குப் போகாமல் கோமதிக்குப் போன் செய்தேன். அங்கே மத்தியானம். கீழே மெஷின் ஓடும் சத்தம் போனில் வந்தது.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். மறுத்தால் அவளை மன்னிக்கத் தயாராக இருந்தேன்.

"ஆமாங்க அண்ணி, சொன்னேனுங்க" என்றாள்.

"அப்படி நான் என்ன பண்ணீட்டேன் கோமதி?"

 அவள் குரல் உயராமல், ஒவ்வொரு சொல்லுக்கும் மரியாதை வைத்துச் சொன்னாள். போன தடவை நாங்கள் பதினோரு நாள் இருந்தோம். தரை அதிர்வதில் எனக்குத் தலைவலி வருகிறது என்று முதல் நாள் சொன்னேனாம். அன்று முதல் செந்தில் மதியம் இரண்டு மணிக்கெல்லாம் மெஷின்களை நிறுத்திவிட்டான். டெய்லர்கள் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். தைக்க வேண்டிய பீஸ் நேரத்துக்குப் போகவில்லை. துணி கொடுத்த கம்பெனி அதற்கப்புறம் மூன்று மாதம் வேலையே கொடுக்கவில்லை. இதை என்னிடம் சொல்லக் கூடாது என்று அவன் சத்தியம் வாங்கியிருக்கிறான்.

"நீங்க ஒரு வார்த்தை கெட்டதாச் சொன்னதில்லீங்க அண்ணி. மூக்கை மட்டுந்தான் சுருக்குவீங்க. நீங்க இருக்கற வரைக்கும் மாமா இருமறதுக்குக்கூட மொட்டை மாடிக்குப் போறாருங்க. ஊடே உங்க மொகத்தப் பாத்துட்டுத்தானுங்க நடக்குது."

மாமா என்று அவள் சொன்னது என் அப்பாவை.

நீங்கள் வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. கடலில் நன்றாக இருந்துவிட்டு வாருங்கள், வெயிலுக்குத் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். போனை வைத்த பிறகு எனக்கு வந்தது வருத்தமில்லை, ஆத்திரம். ஒரு பொய்யாவது கலந்திருந்தால் பிடித்துக்கொண்டிருப்பேன். அவள் அதற்கும் இடம் வைக்கவில்லை. பத்தாவது முடிக்காத பெண், ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்து எழுந்தவள், என்று மனசுக்குள் அவளை எவ்வளவு கீழே இறக்கினாலும் அவள் சொன்னது அங்கேயே நின்றது.

6

அன்று மாலை அவரிடம், நல்லூருக்குப் போகவே வேண்டாம், ஏழரை நாளும் கடல்தான் என்றேன். அவர் வழக்கம்போலச் சரி என்றார். அவருடைய சம்மதத்துக்கு நான் பதினைந்து வருஷமாக மதிப்புக் கொடுத்ததில்லை. யார் கேட்டாலும் கொடுப்பார்.

கயல் அறைக்குள் இருந்து வந்தாள். "நான் நல்லூருக்குப் போகிறேன். எல்லா நாளும். திவ்யா கூப்பிட்டாள். கோமதி அத்தையிடமும் கேட்டுவிட்டேன்."

உனக்கு அங்கே தனி அறை கிடையாது என்றேன். கொசு, தூசி, சத்தம், அந்த வாடை, உன்னால் ஒரு நாள் தாங்க முடியாது என்றேன்.

அவள் அசையவில்லை. "அங்கே நாற்றம் அடிக்கிறது என்று நான் எப்போதாவது சொன்னேனா?" என்று கேட்டாள். "கயலால் முடியாது, கயலுக்கு ஒத்துக்கொள்ளாது என்று எல்லாருக்கும் போனில் சொல்வது நீ. பக்கத்து அறையில் இருந்து நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் உன் பெயரைச் சொல்."

ஜெர்மன் மொழியில் பிள்ளைகள் அம்மாவை நீ என்றுதான் சொல்வார்கள். எனக்கு அது பழகியிருந்தது. அன்று மட்டும் அடி விழுந்தது போல இருந்தது. அவரைப் பார்த்தேன். அவர் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் பழைய திட்டத்துக்கே திரும்பினோம். ஐந்தும் இரண்டரையும். கயலுக்கு மட்டும் ஏழரை.

7

கொச்சி விமான நிலையத்துக்குச் செந்தில் காலையிலேயே கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். முன்பைவிட மெலிந்திருந்தான். கூடவே திவ்யா. பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்து, பத்தே நிமிஷத்தில் கைகோத்துக்கொண்டார்கள். பொய்யைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கயலின் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, "நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க்கா" என்றான். அதில் குத்தல் இருக்கிறதா என்று அவன் முகத்தில் தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

விடுதி என் அலுவலகத்துப் படத்தில் இருப்பது போலவே இருந்தது. அதுதான் அதன் குறை. இளநீரில் காகிதப்பூ செருகிக் கொடுத்தார்கள். மீன் பிடிக்காத வலையைச் சுவரில் அலங்காரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மாலையில் ஒரு கலைஞர் முகத்தில் பச்சை பூசி அரை மணி நேரம் கண்ணை உருட்டினார். எல்லாரும் கை தட்டிவிட்டுச் சாப்பிடப் போனோம். மதியம் ஆனால் மழை. அக்டோபரில் மழை வரும் என்று வாடிக்கையாளர்களிடம் நான் சொல்வதில்லை. என்னிடமும் நான் சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள், ஒரு ஜெர்மன் பெண்மணி என்னைக் கை தட்டிக் கூப்பிட்டு, உலர்ந்த துண்டு ஒன்று கொண்டுவரச் சொன்னார், இங்கிலீஷில், நிறுத்தி நிறுத்தி. நான் அவர் மொழியிலேயே, துண்டுகள் நீச்சல் குளத்தின் அருகே அலமாரியில் இருக்கின்றன என்றேன். அவருக்கு ஒரே ஆச்சரியம். இந்த விடுதியில் வேலைக்காரர்களுக்கு ஜெர்மன் கூடச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று கேட்டார். நான் மறுக்கவில்லை. போய்த் துண்டை எடுத்து வந்து கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று என் கணவர் கேட்டார்.  அந்தப் பெண்மணி போட்டிருந்த பனியனின் கழுத்துப் பட்டியை மட்டும் பார்த்தேன். எங்கள் ஊர்த் தையல். எந்தக் கடற்கரைக்குப் போனாலும் இந்த உடம்புகளின் மேல் எங்கள் ஊர்தான் கிடக்கிறது. அதை உடுத்தியவர்களையும் எனக்குப் பிடிக்கவில்லை, தைத்தவர்களிடமும் என்னால் இருக்க முடியவில்லை.

நானும் அவரும் ஐந்து நாளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கயலைப் பற்றிப் பேசி முடித்த பிறகு எங்களுக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை. அவர் விடுதியின் தண்ணீர் மோட்டாரில் ஏதோ சத்தம் கேட்டு, மேலாளரிடம் சொல்லி, தானே கழற்றிச் சரிசெய்தார். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவர் முகத்தில் விடுமுறை தெரிந்தது.

தினமும் சாயங்காலம் நல்லூருக்குப் போன் செய்தேன். கயல் வரமாட்டாள். "கீழ இருக்குதுங்க அண்ணி. திவ்யாவோட உக்காந்து பீஸ்ல நூல் வெட்டிட்டு இருக்குது" என்பாள் கோமதி. இன்னொரு நாள், என் அப்பாவோடு பல்லடத்துக்குப் பஸ்ஸில் போயிருக்கிறாள் என்றாள். மூன்றாவது நாள் போனில் கயலே பேசினாள். நன்றாக இருக்கிறாயா என்று கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்கறேன், சாப்டுட்டு இருக்கறோம், அப்பறம் கூப்புடுங்க" என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் அவள் தமிழில் பேசினாள் என்பது எனக்கு உறைத்தது.

8

ஆறாம் நாள் நல்லூரில் போய் இறங்கியபோது மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லமாட்டேன் என்று காட்டிக்கொள்வதற்காக வாசலிலேயே கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தேன்.

கயல்தான் படியிறங்கி வந்தாள். தலையில் எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தார்கள். தோளில் பஞ்சு ஒட்டியிருந்தது. "வாங்கம்மா, வாங்கப்பா" என்று பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். எந்த நாற்காலி ஆடும், எந்த ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று சொன்னாள். காபி போடவா, டீ போடவா என்று கேட்டாள். அந்த வீட்டில் பிறந்தவள் நான். எங்கே உட்காருவது என்று அவளைப் பார்த்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து மாடிப்படியைப் பார்த்தார். கயல் அவர் தோளை அழுத்தி, "இருமுங்க அப்புச்சி, ஒண்ணும் ஆகாது" என்றாள். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தயங்கி, அங்கேயே உட்கார்ந்து இருமினார்.

கோமதி காபி டம்ளரோடு வந்தாள். போனில் பேசியதைப் பற்றி அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மொதல்ல குடிங்க அண்ணி, ஆறிப்போயிரும்" என்றாள். மன்னிப்பு என்று ஒன்றைக் கேட்டால் அதையும் அவள்தான் சுமக்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது. குடித்தேன்.

அப்போது கீழே இருந்து செக்கிங் பார்க்கிற அம்மாள் ஒருவர் ஏறி வந்தார். திருநெல்வேலிப் பக்கம், குடும்பத்தோடு பிழைக்க வந்தவர். கையில் ஒரு கட்டு பனியன். எங்களைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "அக்கா, யாரு வந்திருக்காவ?" என்று கோமதியிடம் கேட்டார்.

"நம்ம கயலோட அம்மா அப்பாங்க" என்றாள் கோமதி.

அந்த அம்மாளின் முகம் சட்டென்று வாடியது. கயலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளையக் கூட்டிட்டுப் போகவா வந்திருக்கிய?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.